ஏ.சி. வாங்கும் முன் மொட்டை மாடியைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் அறைக்கு ஒரு டன் ஏ.சி. போதுமா, ஒன்றரை டன் வேண்டுமா என்று மதுரையில் பலர் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் மொட்டை மாடித் தளத்தின் மேல் என்ன இருக்கிறது? வெறும் சிமெண்ட் பூச்சு என்றால், முதல் செலவு அங்கேதான் என்பது என் கருத்து.

மதுரை ஏறக்குறைய 9.9 டிகிரி வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். எனவே வெயிலை அதிகம் வாங்குவது தளம்தான். அடுத்தது பிற்பகல் வெயில் படும் மேற்குச் சுவர். பகலில் சூடேறிய கான்கிரீட், இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கும். பத்து மணிக்கும் மின்விசிறி அனலாக வீசுவது இதனால்தான். இன்வெர்ட்டர் பேட்டரியும் தப்பாது. 25 டிகிரிக்கு மேல் 10 டிகிரி கூடினால் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். இன்று செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இதுதான். குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் 2018 எரிசக்தி விதித்தொகுப்பு, கூரை வழியே புகும் வெப்பத்துக்கு வரம்பு வைத்தது: ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட். வெறும் கான்கிரீட் தளம் இதில் தேறாது. ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்காக எழுதப்பட்டது. நம் இரண்டு சென்ட் வீடுகளை யார் கேட்பது?

என்ன செய்திடலாம்? முதலில் நீர்க்கசிவைச் சரி செய்திடுங்கள். பிறகு வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பெயிண்டோ அடித்திடுங்கள். புழுதி படிந்தால் பலன் குறையும். கோடைக்கு முன் கழுவிட வேண்டும். வசதி உள்ளவர்கள் 50 மி.மீ. கெட்டி நுரைப் பலகை பரப்பி, மேலே கான்கிரீட் போட்டு ஓடு பதிக்கலாம். 2017-ல் வைகை அணையில் மிதக்கவிட்ட தெர்மாகோலை நினைத்துச் சிரிக்க வேண்டாம். நீரில் நிற்காத அந்தப் பொருளின் கெட்டி ரகம், ஓட்டுக்கு அடியில் நன்றாகவே நிற்கும். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட, வெளியே தட்டி கட்டுவதே மேல்.

மின்கட்டணத்தையும் பாருங்கள். 2022-ல் மாற்றப்பட்ட கட்டணத்தில், இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை 2.25 ரூபாயிலிருந்து 4.50 ஆனது. எல்லையில் நிற்கும் வீட்டில் ஏ.சி. ஓடும் நேரம் கொஞ்சம் குறைந்தாலே லாபம்தான்.

ஒரு சிக்கல் உண்டு. கீழே உரிமையாளர், மேலே வாடகைக் குடும்பம் என்பது நம் ஊர் வழக்கம். தளம் உரிமையாளருடையது, சூடும் மின்கட்டணமும் குடியிருப்பவருக்கு. அதனால் தளத்தை இருவருமே தொடுவதில்லை. குடிவைக்கும் முன் உள்ளே வெள்ளையடிப்பவர்கள், அதே ஆட்களை மாடிக்கும் ஏற்றிட வேண்டும். மாடி போர்ஷன் பார்க்கப் போகிறவர்கள் மாலை ஆறு மணிக்குப் போங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் தளத்தில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். சுட்டால், சுண்ணாம்பு அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீர் வசதியைக் கேட்பதுபோல இதையும் கேட்கலாம்.