குடும்பத்துக்கு ஏற்ற கமரா

கையடக்கமான டிஜிற்றல் கமரா வாங்க விழைவோர் கடையில் முதன்முதற் கேட்பது, "இதில் எத்தனை மெகாபிக்சல்?" என்பதேயாகும். நானும் ஒருகால் அவ்வாறே கேட்டு, 16 மெகாபிக்சல் கமரா ஒன்றை வாங்கிவந்தேன். விஜயதசமியன்று என் மகளுக்கு ஏடு தொடக்கினோம். என் தாயார் குழந்தையின் விரலைப் பற்றி அரிசியில் 'அ' எழுதுவித்தார். குத்துவிளக்கின் ஒளியன்றி அங்கு வேறொளி அதிகமில்லை. எடுத்த படத்திலே குழந்தையின் கை கலங்கியிருந்தது. தாயாரின் முகம் புள்ளிகளால் மூடப்பட்டிருந்தது. அடுத்த விஜயதசமிக்குத் தாயார் எம்மோடில்லை. அப்படத்தை மீண்டும் எடுத்தல் கூடுமோ?

பிழை எங்கே நேர்ந்தது? 4 அங்குலம் அகலமும் 6 அங்குலம் நீளமுமுள்ள படத்தைத் தெளிவாக அச்சிட ஏறக்குறைய 2 மெகாபிக்சலே போதும். வீட்டுப் படங்களுக்கு வேண்டுவது புள்ளிகளின் தொகையன்று. ஒளியை வாங்கும் ஆற்றலேயாம். அதனை அறிய இரண்டைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, ஒளியை ஏற்கும் உணரியின் அளவு. மலிவான கமராக்களிற் பெரும்பாலும் காணப்படும் '1/2.3 அங்குல' உணரியின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீற்றர். '1 அங்குல' உணரியின் பரப்போ ஏறத்தாழ 116 சதுர மில்லிமீற்றர். அதாவது நான்கு மடங்கு. இவ்வுணரியுடன் சோனி நிறுவனத்தின் ஆர்.எக்ஸ்.100 என்னும் சிறிய கமரா 2012இல் வெளிவந்தது.

இரண்டாவது, வில்லையின் துவாரம். துவார எண் சிறிதாயின் உட்புகும் ஒளி மிகும். 2.8 என்னும் துவாரம் 5.6இலும் நான்கு மடங்கு ஒளியை விடும். மேற்கூறிய கமராவிற்கூட, அகன்ற காட்சியில் 1.8 ஆகவுள்ள துவார எண், தூரக்காட்சிக்கு வில்லையை நீட்டும்போது 4.9 ஆகிவிடும். ஆதலின் வீட்டினுள் வில்லையை நீட்டாது, நாமே இரண்டடி முன்னே செல்லுதல் நன்று. 'டிஜிற்றல் சூம்' என்பதோ படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பிப்பதேயன்றி வேறில்லை. அதற்காக ஒரு சதமேனும் மிகையாகக் கொடுத்தல் வேண்டாம்.

கடைக்குச் செல்லும்போது நினைவட்டை ஒன்றைக் கொண்டுசெல்லுங்கள். கடையின் இருண்ட மூலையில் நண்பரொருவரைக் கையசைக்கச் சொல்லி, கமராவின் மின்னொளியின்றிப் படமெடுங்கள். விசையை அழுத்தியதும் படம் பதிகின்றதா, அன்றித் தாமதிக்கின்றதா என்று பாருங்கள். பின்னர் வீட்டிலே படத்தைப் பெருப்பித்து முகத்தை நோக்குங்கள். விளம்பரத் தாள் கூறாததை அம்முகம் கூறும். மாணவர்களுக்கும் ஒரு சொல்: விசையைப் பாதியளவு அழுத்திக் குவியத்தை முன்னரே அமைத்துக்கொண்டால், தாமதம் பெரிதும் குறையும்.

ஈற்றில், எடுத்த படங்களை ஓரிடத்தில் மாத்திரம் வைத்தல் தகாது. வேறோரிடத்திலும் ஒரு படியை வையுங்கள். ஆண்டுதோறும் சிறந்தவற்றை அச்சிட்டு அல்பத்தில் ஒட்டுங்கள். கலங்கிய அப்படத்தையும் நான் அச்சிட்டு வைத்திருக்கின்றேன். முகம் தெளிவில்லையாயினும், அரிசியின் மேலுள்ள அந்த இரு கைகளும் யாருடையவை என்பதை என் மகள் அறிவாள்.