நாயை விரட்டினால் தெள்ளு போகுமா?

ராத்திரி பாயை விரித்துப் படுத்தால் கணுக்காலில் சுரீர் என்கிறது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றையும் காணோம். விடிந்து பார்த்தால் கெண்டைக்கால் வரை சிவப்புத் தடிப்பு.

"எல்லாம் இந்தச் சவத்து நாயால வந்த வினை!"

தச்சநல்லூர் வீடுகளில் இப்படி ஒரு குரல் எழுந்தால், வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு முதலில் உதை. மறுநாள் அதை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

நாய் போயிற்று. தெள்ளு போயிற்றா? அதுதான் இல்லை. முன்னிலும் அதிகமாகக் கடிக்கிறது!

நாயின் மேல் துள்ளுவது கொஞ்சம்தான். ஒரு பெண் தெள்ளு தினமும் 40, 50 முட்டை இடும். அவை உருண்டு விழுந்து தரை வெடிப்பிலும் பாய்க்கு அடியிலும் புழுவாகி, கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். காலடி அதிர்வும் மூச்சுக் காற்றும் பட்டால் ஒரே துள்ளல். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் மொய்ப்பது இதனால்தான். நாய் இருந்தவரை நாயைக் கடித்தது. இப்போது பிள்ளைகளைக் கடிக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எலிக்கும் இதே கணக்கு

எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் அதன் மேலுள்ள தெள்ளு வேறு ஆள் தேடும். இப்படித்தான் பிளேக் எலியிலிருந்து மனிதனுக்கு வருகிறது என்று பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் 1898-ல் கராச்சியில் கண்டு சொன்னார். முதலில் நம்பாமல் சிரித்தவர்கள் அநேகம்.

நூறு வருஷக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டம், மாம்லா கிராமம். 1993 லாத்தூர் பூகம்பத்துக்குப் பயந்து ஜனங்கள் வீட்டுக்கு வெளியே தங்கினார்கள். உள்ளே இருந்த தானியத்தில் எலி பெருகியது. 1994 ஆகஸ்டில் எலிகள் செத்து விழுந்தன. தெள்ளுத் தொல்லை தாங்கவில்லை என்று புகார் கிளம்பிற்று. நெறிகட்டிய காய்ச்சல் அதற்குப் பிறகுதான் வந்தது! அடுத்த மாதம் சூரத்தில் நுரையீரல் பிளேக். ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். லட்சக்கணக்கானோர் ஊரைக் காலி செய்து ஓடினார்கள்.

நெல்லையில் இன்று பிளேக் இல்லை. பீதி தேவையில்லை. ஆனால் "தெள்ளு கடிக்குது" என்று ஒரு தெருவே சொன்னால் அது சொறி சிரங்கு விவகாரம் அல்ல. அந்தத் தெருவில் எலி நிலவரம் என்ன என்று பார்த்தாக வேண்டும்.

சொறிந்தால் காய்ச்சல்

எலித் தெள்ளு தரும் டைபஸ் காய்ச்சல் ஒன்று உண்டு. புதரில் இருக்கும் சிறு பூச்சியால் வரும் 'ஸ்க்ரப் டைபஸ்' வேறு. இது தெள்ளின் கழிவால் வருவது. கடித்த இடத்தைச் சொறியும்போது கழிவு காயத்தில் ஏறிவிடும். காய்ச்சல், மண்டையிடி, சிலருக்கு உடம்பில் தடிப்பு. டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்குக் கட்டுப்படும். ஆனால் டாக்டருக்குச் சந்தேகம் வர வேண்டுமே! ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, பக்கத்துக் கிளினிக்குக்குப் போனாலும் சரி, "வீட்ல எலி இருக்கு, தெள்ளு கடிச்சுது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கேட்டால்தான் சொல்வது என்று இருக்கக் கூடாது.

நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளுக்கு இன்னும் ஆபத்து. ரத்தம் குறைந்து ஈறு வெளுத்துச் செத்தே போகும். நாயோடு விளையாடும் குழந்தை தெரியாமல் தெள்ளை விழுங்கினால் வயிற்றில் நாடாப்புழு.

வைத்தியம் என்ற பெயரில் கொடுமை

நாய் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். வயல் மருந்தைத் தடவுகிறார்கள். நாய் அதை நக்காதா? அந்தக் காலத்துக் கமாக்சின் பவுடரே 1997-ல் தடையாகிவிட்டது. நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனையின் உயிருக்கே ஆபத்து. ராமையன்பட்டியில், கூப்பிடு தூரத்தில், கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே கேட்டால் எடைக்குத் தக்க மருந்து சொல்வார்கள்.

உடம்பில் உதிரும் கறுப்புத் துகளை ஈரக் காகிதத்தில் வைத்தால் சிவப்பாகக் கசிகிறதா? அப்படியானால் தெள்ளுதான். நாய்க்கு மருந்து போடுகிற அன்றே படுக்கை விரிப்பு, சாக்கு எல்லாம் வெந்நீரில் போக வேண்டும். கட்டிலுக்கு அடியில் தினமும் விளக்குமாறு. ஒரு நாளில் தீராது. கூட்டில் இருப்பவை வந்து தீரும்வரை சில வாரம் விடக் கூடாது.

மாநகராட்சிக்கும் வேலை உண்டு. எலி பெருத்த தெருவில் எலி மருந்தை மட்டும் வைத்துவிட்டுப் போனால் எலி சாகும், தெள்ளு வீட்டுக்குள் வரும். முதலில் வளையில் தெள்ளு மருந்து, அப்புறம்தான் எலிக்கு மருந்து. கருத்தடைக்குப் பிடிக்கும் தெருநாய்க்குத் தெள்ளு மருந்தும் தடவி அனுப்பினால் என்ன? பெரிய செலவா அது? தச்சநல்லூர் மண்டல சுகாதார அதிகாரிகள் மழைக்கு முன்பே இதைக் கவனிப்பார்களா?