கண்ணாடித் துளையும் கழுத்துச் சங்கிலியும்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் காட்டூர் மக்தபில் சிறு வயதில் ஓதிச் சென்ற மாணவன் ஒருவன், இப்போது கல்லூரியில் பயில்பவன், தயங்கித் தயங்கி அருகில் வந்து உட்கார்ந்தான்.

"ஹஜ்ரத், கேமராவுக்கு ஒரு லென்ஸ் வாங்க வேண்டும். அம்மா தம் சங்கிலியை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?"

அவனிடம் கேனான் கேமரா ஒன்று இருக்கிறது. சவுதியிலிருந்து திரும்பிய மாமா கொடுத்தது. அண்ணா விளையாட்டரங்கில் நண்பர்கள் ஆடும் கால்பந்தையும், உறவினர் வீட்டு நிக்காஹ்களில் யாரும் நின்று 'போஸ்' கொடுக்காத இயல்பான காட்சிகளையும் எடுக்கிறான். இரண்டு மூன்று இடங்களில் கூலியும் கிடைத்திருக்கிறது. ஆனால் ஓடும் கால்கள் கலங்கி விழுகின்றன; மண்டபத்துப் படங்கள் இருண்டு விடுகின்றன. 70-200 மி.மீ., எஃப் 2.8 லென்ஸ் வாங்கினால் இரண்டும் தீரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது பொய்யன்று. புதிதாக வாங்கினால் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்பதைத்தான் சொன்னவர் அழுத்திச் சொல்லவில்லை. பையனின் அத்தா சரக்கு ஆட்டோ ஓட்டுபவர்.

வட்டிக்கு அடகு வைப்பது கூடாது என்று ஒரே வரியில் மார்க்கச் சட்டத்தைக் கூறி அவனை அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் அவன் நேரே ஏதேனும் ஒரு கடையில் தவணைக்குக் கையெழுத்திட்டிருப்பான். ஆகவே லென்ஸைப் பற்றியே பேசினேன். கல்லூரியில் வரலாறு படித்த நாட்களில் பிலிம் சுருளுடன் மல்லாடிய அனுபவம் எனக்கும் உண்டு. இப்படிக் கேட்கும் பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருப்பதால், அவனிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். நிழற்படம் கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துள் இங்கு நான் நுழையவில்லை.

லென்ஸின் விலை எதற்கு என்று விளங்கிக்கொள்ள ஆயிரம் ஆண்டு பின்னே செல்லவேண்டும். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த பேரறிஞர் இப்னுல் ஹைதம், ஒளியியலுக்கு அடித்தளமிட்ட 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலை இயற்றியவர். சூரிய கிரகணத்தின் வடிவத்தைப் பற்றித் தனியாக ஒரு சிறு நூலும் எழுதினார். கிரகணத்தின்போது சிறு துளை வழியே இருட்டறைக்குள் விழும் ஒளி, பிறை வடிவில் தெரிகிறது. துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடுகிறது, ஆனால் பிறை கலைந்து வட்டமாகிவிடுகிறது. இது ஏன் என்பதை அவர் கணக்கிட்டு விளக்கினார். சிறு துளையில் தெளிவு உண்டு, வெளிச்சம் இல்லை. பெருந்துளையில் வெளிச்சம் உண்டு, தெளிவு இல்லை.

இந்த இரண்டையும் ஒருசேரத் தருவதற்காகவே துளையில் கண்ணாடி வில்லையை வைத்தார்கள். துளை அகல அகலக் கண்ணாடியும் பெரிதாக வேண்டும். அதைப் பிழையின்றிக் கடைந்தெடுக்கும் செலவும் ஏறும். லென்ஸின் மேல் எழுதியுள்ள 'எஃப்' எண்ணால் குவியத் தூரத்தை வகுத்தால் திறப்பின் அகலம் கிடைத்துவிடும். 200 மி.மீ. லென்ஸில் எஃப் 2.8 என்றால் 71 மி.மீ. திறப்பு. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் 28 மி.மீ. போதும். எண் சிறுத்தால் ஒளி கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். தூரமும் வேண்டும், திறப்பும் அகலமாக வேண்டும் என்று இரண்டையும் ஒரே குழலில் கேட்கும்போதுதான் விலை லட்சத்தைத் தாண்டுகிறது. இரண்டையும் பிரித்துக் கேட்டால் ஏழைக்கும் எட்டும்.

பகலில் திறந்த மைதானத்தில் ஒளி அல்லாஹ்வின் அருளால் இலவசமாகக் கொட்டுகிறது. அங்கே தூரந்தான் தேவை. கேனானின் 55-250 மி.மீ. லென்ஸ் இதற்குப் பொருந்தும். எஸ்.டி.எம். என்ற எழுத்துகள் உள்ள 2013ஆம் ஆண்டு வகையைக் கேளுங்கள். எடை 375 கிராம்தான். இத்தகைய கேமராக்களில் உள்ள உணர்தகடு பழைய பிலிமைவிடச் சிறியது. ஆகவே கேனானில் 1.6 மடங்கு பெருக்கிக்கொள்ள வேண்டும். 250 என்பது 400 மி.மீ. போலக் காட்சியை நெருக்கித் தரும். அதன் திறப்பு எஃப் 5.6 வரை சுருங்கினாலும் மாலை நான்கரை மணி வெயிலில் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வைக்கலாம். பந்தை உதைக்கும் கால் உறைந்து நிற்கும்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. லென்ஸில் 'நடுக்கம் தடுக்கும் வசதி' இருப்பதைக் காட்டி, விளையாட்டுக்கு இதுவே போதும் என்பார்கள். அது தடுப்பது உங்கள் கையின் நடுக்கத்தை. ஆட்டக்காரனின் ஓட்டத்தை அது எப்படித் தடுக்கும்? அதற்கு வேகமான ஷட்டர் ஒன்றே வழி; அந்த வேகத்துக்கு ஒளி வேண்டும்.

மண்டபத்திலும் உள்ளரங்கிலும் கதை தலைகீழ். கேமராவுடன் வரும் 18-55 லென்ஸ் 55 மி.மீ. நீட்டத்தில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். ஏறத்தாழ அதே நீட்டமுள்ள 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் அதைவிடப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கேனானின் 2015ஆம் ஆண்டு எஸ்.டி.எம். வகை 160 கிராம் எடை. புதிதாகவே பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது, பழையது அதற்கும் குறைவு. இருண்ட நிக்காஹ் மேடைக்கு இதைவிட இலாபமான மருந்து எனக்குத் தெரியாது. இறகுப்பந்து அரங்கத்தில் ஓரத்தில் நின்று எடுக்கவும் உதவும். அங்கே 50 சற்றுக் குட்டை என்று தோன்றினால் பிறகு சம்பாதித்து 85 மி.மீ., எஃப் 1.8 வாங்கலாம். அவசரம் இல்லை.

நிக்கான் கேமரா வைத்திருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. டி3500, டி5600 போன்ற கேமராக்களின் உடலில் குவியமோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 'ஏ.எஃப்.-டி' லென்ஸை வாங்கினால் கையால்தான் திருகித் திருகிக் குவியப்படுத்த வேண்டும். ஓடுகிற பிள்ளையைப் பிடிக்க முடியாது. 'ஏ.எஃப்.-எஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பழைய லென்ஸ் வாங்குவதில் எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். மாணவப் பருவத்தில் இரண்டு மாத டியூஷன் பணத்தைக் கொண்டுபோய் ஒருவரிடம் ஒரு லென்ஸ் வாங்கினேன். வெளியே பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து விளக்கெதிரே பிடித்தால் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை! கொடுத்தவர் திரும்பப் பெறவில்லை. குறையை மறைத்து விற்பது பற்றி நம் மார்க்கம் சொல்வதை அவரும் அறிந்தவர்தாம். அதன்பின் டார்ச் இல்லாமல் நான் எந்த லென்ஸையும் தொட்டதில்லை. பின்புறமிருந்து ஒளியைப் பாய்ச்சிச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நூலிழைகள் தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சிறு தூசு நாலைந்து இருந்தால் கெடுதல் இல்லை. உங்கள் கேமராவிலேயே மாட்டி, திறப்பை முழுதும் அகலமாக வைத்துப் பத்துப் படமாவது எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். வாங்கியபின் பீரோவில் துணிகளுக்கிடையே பூட்டி வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பதாகும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்தால் போதும்.

இனி, அறியாமல் எடுக்கப்படும் படங்களைப் பற்றி. 50 மி.மீ. லென்ஸ் நம்மை மனிதர்களின் அருகே போகச் செய்கிறது; அருகே போனால் அவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். வேண்டாம் என்று கையசைக்க அவர்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. நீண்ட லென்ஸ் இந்த வாய்ப்பைப் பறித்துவிடும். மண்டபத்தின் மறுகோடியிலிருந்து பெண்கள் பகுதியை நோக்கி 250 மி.மீ. லென்ஸைத் திருப்புகிறவன் கலைஞன் அல்லன். பிறர் மறைவைத் துருவுவதை விலக்கிய ஸூரத்துல் ஹுஜுராத்தை அவனும் மக்தபில் ஓதியிருப்பான்.

பிரெஞ்சுப் படக்கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளின் பெரும்பகுதி 50 மி.மீ. லென்ஸையே பயன்படுத்தியவர். 1948இல் ஸ்ரீநகரில், ஹரி பர்வத் குன்றின் சரிவில் முஸ்லிம் பெண்கள் நின்று இறைஞ்சும் காட்சியை அவர் எடுத்தார். நமக்குத் தெரிவது அவர்களின் முதுகும், ஏந்திய கரங்களும், தொலைவில் மலைகளும் முகில்களுந்தான். முகம் காட்டாமலே அந்தப் படத்தில் துஆ தெரிகிறது. என் மாணவனுக்குக் கைபேசியில் அதைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மாவின் சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். கையிலிருந்த கூலிப்பணத்தில் ஒரு 50 மி.மீ. வாங்கினான். பழைய 55-250க்கு உறவினர் ஒருவர் வட்டியில்லாமல் கடன் கொடுத்தார். இரண்டு நிக்காஹ் வேலைகளில் பாதியை அடைத்துவிட்டான். எங்கள் மக்தப் பிள்ளைகளின் சாக்கு ஓட்டத்தை எடுத்துக் காட்டினான். கீழே விழுந்த பொடியனைத் தூக்கிவிடத் திரும்பி ஓடி வருகிறான் இன்னொருவன். இருவரின் சாக்கும் தெளிவாக இருக்கின்றன, பின்னால் பரிசு வாங்க முந்துகிறவர்கள் மங்கலாக ஓடுகிறார்கள்.

தை மாதம் திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய சூரியூரில் நடக்கும் ஜல்லிக்கட்டை எடுக்க வேண்டும் என்பது இப்போது அவன் ஆசை. தடுப்புக்கு வெளியே நிற்பதாக வாக்களித்திருக்கிறான். அங்கே பறக்கும் புழுதிக்கு லென்ஸின் முகப்பில் ஒரு பில்டரும், களத்தில் லென்ஸை மாற்றாமல் இருக்கும் பொறுமையும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பில்டர் வாங்கிவிட்டான்.