சினம் குற்றமா?

ஹாரி பாட்டர் தொடரின் ஐந்தாம் நூல் 2003 ஜூன் 21 அன்று வெளிவந்தது. மூன்றாண்டுகள் காத்திருந்த வாசகருள் சிலர், பதினைந்து வயதுச் சிறுவன் இத்துணைக் கத்துவதா, பழைய இனிமை எங்கே என முகம் சுளித்தனர். இக்கூற்றை நாம் ஏற்கோம்.

அவன் ஏன் சினக்கிறான் என எண்ணிப் பார்த்தல் வேண்டாவோ? உடன் பயின்ற செட்ரிக் கண்முன்னே மாண்டதைக் கண்டவன் அவன். கொடியோன் வோல்டமோர்ட் மீண்ட உண்மையை உரைக்கிறான். அமைச்சகம் மறுக்கிறது, நாளேடு எள்ளுகிறது. ஆசிரியை அம்பிரிட்ஜோ அவனைப் பொய்யன் எனச் சாடித் தண்டனை எழுதச் செய்கிறாள்; எழுதும் சொற்கள் அவன் புறங்கையிலேயே குருதியாய்க் கீறப்படுகின்றன. இதன் பின்னும் அவன் புன்னகைத்திருந்தால் அதுவன்றோ பொய்!

முதல் நூலின் இனிப்பையே ஐந்தாவதிலும் கேட்பது, வளர்ந்த பிள்ளைக்குப் பழைய சட்டையை மாட்டுவதை ஒக்கும். இறுதியில் முதியவர் டம்பிள்டோர், உண்மையை மறைத்தது தம் பிழையே என அச்சிறுவனிடம் ஒப்புக்கொள்கிறார். மாயக்கோல் நிகழ்த்தும் விந்தைகளினும் இதுவே பெரிது. மாற்றலாகி ஊர் ஊராய்ச் செல்லும் நம்முள் எத்தனை பேர் பிள்ளைகளிடம் அவ்வாறு கூறியிருப்போம்?

பெற்றோரீர்! பிள்ளை சினந்தால், அடக்குமுன் காரணம் கேளுங்கள்.