தூக்கக்காரி அல்ல

சாச்சியின் மகளுக்கு நான்கு வயது. பிறந்ததிலிருந்தே வலது மேலிமை சரிந்து பாதிக் கண்ணை மூடியிருக்கிறது. எங்கள் தில்லையடியில் அவளைத் "தூக்கக்காரி" என்றே அழைக்கிறார்கள். வைத்தியரிடம் காட்டுவோம் என்றால், "பொம்புளப் புள்ளட மொகத்துல கத்தி வெக்கிறதா?" என்கிறார் மூத்தம்மா.

நான் உடன்படவில்லை. இமையை உயர்த்தும் தசை பிறவியிலேயே பலவீனமாக இருந்தால் அது தானாகச் சரியாவதில்லை. இமை கண்மணியை மறைத்தால், அந்தக் கண்ணால் பார்க்க மூளை பழகாது. ஏழெட்டு வயதுக்குப் பின் அந்தப் பார்வையை மீட்பது கடினம். எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படாது. அதைக் கண் வைத்தியரே சொல்ல வேண்டும். தேவையென்றால் தசையைச் சுருக்குவார்கள், அல்லது இமையை நெற்றித் தசையோடு இணைப்பார்கள். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

முதுமையில் தசைநார் தளர்ந்தும் இமை சரியும். ஆனால், திடீரெனச் சரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. நித்திரையில் கட்டுவிரியன் தீண்டினால் வலிகூடத் தெரியாமல் போகலாம். காலையில் சரிந்த இமைகளே முதல் அடையாளமாக இருக்கலாம்.

பெற்றோரே, சத்திரசிகிச்சைத் தழும்பு பெரும்பாலும் இமை மடிப்பில் மறைந்துவிடும். பார்வை போனால் எதைக்கொண்டு மறைப்போம்?