தோழனுக்குத் துடக்கும் இல்லை, இத்தாவும் இல்லை

கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கள்.

2016 ஒக்ரோபர் 20 இரவு குளப்பிட்டியில் யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவத்தில் இறந்தது நினைவிருக்கும். ஒருவர் எங்களுக்குப் பக்கத்துக் கந்தரோடைப் பிள்ளை. 25ஆம் திகதி வடக்கு முழுக்க ஹர்த்தால். நீதி கேட்டது சரி. அவர்களோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள் திரும்ப விரிவுரைக்குப் போனபோது என்ன பாடுபட்டார்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்?

நான் ஆசிரிய கலாசாலையில் படித்தபோது எங்கள் பிரிவுத் தோழன் ஒருவன் விபத்தில் மோசம் போனான். மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி ஒரு மணித்தியாலம் பேச்சு வைத்தார்கள். அடுத்த நாள் பாடம் தொடங்கிவிட்டது. அவனுடைய அறைத்தோழன் வாயே திறக்கவில்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் இரவில் விடுதி விறாந்தையில் பிளேன்டீயோடு அவனைச் சுற்றி இருக்கத் தொடங்கினோம். ஐந்தாம் இரவுதான் சொன்னான்: "அண்டைக்கு என்னையும் வரச் சொன்னவன். நான் போகேல்லை." உடனே இன்னொருவன், "மோட்டச்சைக்கிள் குடுத்தது நான்தான்" என்றான். அதுவரை இருவரும் தனித்தனியே தங்களைக் குற்றவாளி ஆக்கி வைத்திருந்தார்கள்.

குழு உளவளத்துணை என்பது இதைத்தான் பயிற்சி பெற்ற ஒருவரோடு ஒழுங்காகச் செய்வது. எட்டுப் பத்துப் பேர், அதே ஆட்கள், வாரம் ஒருமுறை, சில வாரங்கள். அங்கே பேசியது வெளியே போகக்கூடாது. பேசச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது. எல்லோரையும் ஒருநாள் இருத்தி நடந்ததைச் சொல்ல வைத்து முடிப்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை.

"எங்கட காலத்தில எத்தனை சாவு பாத்தனாங்கள், கவுன்சிலிங்கே இருந்தது?" என்பார்கள். இருந்தது. செத்தவீடு, எட்டு, அந்தியேட்டி என்று ஊர் கூடியது. எங்களிடம் மூன்று நாள் துக்கம், கணவனை இழந்தவருக்கு இத்தா. இப்படிப்பட்ட சடங்குகள் மனதை ஆற்றும் என்று இங்கே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் எழுதியிருக்கிறார். ஆனால் இவையெல்லாம் உறவுக்காரருக்கு. தோழனுக்குத் துடக்கும் இல்லை, இத்தாவும் இல்லை. அவன் எங்கே போய் அழுவான்?

ஆகவே என் கோரிக்கை சிறியது. ஒரு மாணவர் இறந்தால் பனர் அடிப்பதோடு நிற்காமல், அந்தக் கிழமையே ஓர் அறையும் ஓர் உளவளத்துணையாளரும் ஒழுங்கு செய்யுங்கள். ஆறு வாரமாவது நடத்துங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் குழுவை நம்பி இருக்காதீர்கள். தெல்லிப்பழை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 1926க்கும் அழைக்கலாம்.

பழைய மாணவர் சங்கங்களில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.