நாற்பத்தைந்து நாளும் மார்ச் மாதமும்

என்னிடம் பொருளியல் பயின்ற மாணவர் ஒருவர், பட்டம் பெற்றபின் அந்தத் துறையின் பக்கம் திரும்பவே இல்லை. இணையச் சேவை வழங்கத் தனியார் நிறுவனங்களை 1998-இல் அரசு அனுமதித்ததையடுத்து, ஊருக்கு ஊர் இணைய மையங்கள் முளைத்த காலம் அது. அந்த மையங்களின் கணினிகளைக் கேபிள் இழுத்து இணைத்துக் கொடுப்பதில் தொழிலைத் தொடங்கினார். திறன்பேசிகள் பெருகி மையங்கள் மூடப்பட்டபோது, பள்ளிகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுத்தார். இப்போது சிறு ஆலைகளின் நெட்வொர்க், சர்வர் பராமரிப்பு என்று வாழ்க்கை ஓடுகிறது. மாதச் சம்பளம் என்பதை அவர் அறிந்ததே இல்லை. வருங்கால வைப்பு நிதியும் இஎஸ்ஐயும் கூடத்தான்.

அண்மையில் ஆலோசனை கேட்டு வீட்டுக்கு வந்தார். ஒரு நிறுவனத்துக்கு ஏப்ரலில் முடித்துக் கொடுத்த வேலைக்கு டிசம்பர் வரை பணம் வரவில்லை.

சுயதொழில் என்றாலே நாம் கடனுதவியைப் பற்றித்தான் பேசுகிறோம். இவரைப் போன்றவர்களின் நிலையோ தலைகீழ். தம்மைவிடப் பன்மடங்கு பெரிய நிறுவனத்துக்கு வட்டியின்றிக் கடன் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் இவர்கள்தாம். போதாக்குறைக்கு ஜிஎஸ்டி. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டிய சேவையாளர், பில் எழுதியதை வைத்து 18 சதவீத வரியைக் கட்டியாக வேண்டும். பணம் கைக்கு வந்ததா என்பது கணக்கில் வராது. உழைப்பே மூலதனமான தொழிலில் உள்ளீட்டு வரிக் கழிவும் சொற்பமே. வராத பணத்துக்குக் கைக்காசிலிருந்து வரி!

சட்டம் இல்லாமல் இல்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-இலேயே வந்துவிட்டது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை, எழுத்துமூல ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள்களுக்குள், இல்லையெனில் 15 நாள்களுக்குள் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. ஏட்டளவில் கடுமையான விதிதான். ஆனால், வட்டியைப் பெற வாடிக்கையாளர் மீதே புகார் கொடுக்க வேண்டும். ஒரே வட்டாரத்தில் பத்துப் பதினைந்து ஆலைகளை நம்பிப் பிழைப்பவர் எப்படிப் புகார் கொடுப்பார்? செய்தி மற்ற ஆலைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடாதா?

இந்த இடத்தில்தான் 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் புத்திசாலித்தனமாகச் சிந்தித்தது. உரிய நாளில் தராத தொகையை வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது; எப்போது தருகிறாரோ அந்த ஆண்டில்தான் கழிக்கலாம் என்றது. புகாரே தேவையில்லை, தாமதித்தவரின் வரிச்சுமை தானாகக் கூடும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் ஓட்டை ஒன்று உண்டு. நிதியாண்டு முடிவதற்குள் கொடுத்துவிட்டால் எத்தனை மாதம் தாமதித்திருந்தாலும் கழிவு கிடைத்துவிடும். ஏப்ரல் மாத பில்லுக்கு மார்ச் 31-இல் பணம் தந்தால், அந்த நிறுவனத்துக்கு வரியில் ஒரு ரூபாய்கூட நட்டமில்லை. என் மாணவருக்கு நேர்ந்தது இதுவே. அந்த நிறுவனத்தின் கணக்காளர் கெட்டிக்காரர் என்றே நினைக்கிறேன்.

ஜிஎஸ்டிக்கு முந்தைய சேவை வரியில், ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய் வரை சேவை வழங்கிய தனிநபர்களும் கூட்டு நிறுவனங்களும் பணம் கைக்கு வந்தபின் வரி கட்டலாம் என்ற சலுகை இருந்தது. ஜிஎஸ்டியில் அது தொடரவில்லை. அதை மீட்டுத் தருவதால் அரசுக்கு வருவாய் இழப்பு இல்லை. சில மாதத் தாமதம் மட்டுமே. வருமான வரிக் கழிவையும் ஆண்டுக் கணக்காகப் பார்க்காமல் பில் வாரியாகப் பார்க்கலாம். பில் விவரங்கள் முழுவதும் இணையத்தில் பதிவாகும் காலத்தில் இது இயலாத காரியம் அன்று.

மாணவர் புகார் கொடுக்கவில்லை. அதே நிறுவனம் புதிய கிளை திறக்கிறதாம். அதற்கும் நெட்வொர்க் அமைக்க அழைத்திருக்கிறார்கள். இம்முறை பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கலாமா என்பதுதான் அவர் கேட்க வந்த ஆலோசனை. கேட்கச் சொல்லி அனுப்பினேன்.